‘நீங்க என்ன ஆளுங்க?’: வீட்டுக்காரரின் கேள்வியும் சட்டத்தின் பதிலும்

கடிதம் எழுதியவர் சென்னையில் பொதுத்துறை வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் 32 வயதுப் பெண். கணவர் தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்துக் குடும்பம். டெல்டா மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து, ஒரு வீட்டின் தரைத்தளத்தில் 12,000 ரூபாய் வாடகைக்குக் குடியேறி இப்போது பத்தாவது மாதம் நடக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள், பதிவு செய்யவில்லை.

மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போயிருக்கிறது. வீட்டுக்கார அம்மா வெள்ளிக்கிழமை சுண்டல் கொடுத்தனுப்புவார், குழந்தையை மாடிக்குக் கூட்டிப்போய் டி.வி. போட்டுவிடுவார். ஒருநாள் சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று பார்க்க வந்த வீட்டுக்காரர், ஹாலில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் கேட்டைத் திறக்கும்போது கணவரிடம், “தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார். கணவர் மறைக்காமல் சொன்னார். அத்தோடு சுண்டல் நின்றது, குழந்தை மாடிப்படி ஏறக் கூடாது என்றானது. “பையன் பெங்களூரிலிருந்து வர்றான், காலி பண்ணுங்க” என்று அறிவிப்பு வந்தது. இப்போது காலை ஏழு மணிக்கு மேல் கீழ்வீட்டுக்கு மோட்டார் போடுவதில்லை.

வேறு வீடு தேடினார்கள். ஒரு வீடு பிடித்துப்போய் 10,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினார்கள். சொந்த ஊர், அங்கே எந்தத் தெரு, கோத்திரம் உண்டா என்றெல்லாம் விசாரணை நடந்தது. மறுநாள் பணம் திரும்பி வந்தது. கூடவே புரோக்கரின் வாட்ஸ்அப் குரல் பதிவு: “எஸ்.சி.ன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் கூட்டிட்டே போயிருக்க மாட்டேன் மேடம். ஓனர் குடுக்க மாட்டாங்க.”

கடிதத்தின் கேள்விகள் இவை. இதற்குச் சட்டத்தில் வழி உண்டா, ‘அவர் வீடு, அவர் இஷ்டம்’ என்பதுதான் முடிவா? குரல் பதிவை வைத்துப் பி.சி.ஆர். கேஸ் (சாதிக் கொடுமை வழக்கு) போட முடியுமா? இனிமேல் வேறு சாதி பெயரைச் சொல்லிவிடலாம் என்கிறார் மாமியார், செய்யலாமா? அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும் என்று வாடகையை நிறுத்திவிடலாமா? கூடவே ஒன்று: கிளையில் உடன் வேலை பார்க்கும் இஸ்லாமியத் தோழிக்கும் இதே கதைதான், அவரும் புகார் கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் பாதித்த வரி, வீடு பார்க்க வருபவர்கள் தவறாக நினைக்கக் கூடாதென்று உங்கள் கணவர் அந்த அம்பேத்கர் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார் என்பது. அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குடும்பத்தில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஏழெட்டு மாதம் ஒழுங்காக வாடகை கொடுத்து, பக்கத்து வீட்டாரோடு இணக்கமாக இருந்தவர்கள் நீங்கள். மாறியது வீட்டுக்காரரின் பார்வை மட்டும்தான். அந்த மாற்றம் தேதிவாரியாகத் தெரிகிறது என்பது உங்கள் வழக்குக்குப் பெரிய பலம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘அவர் வீடு, அவர் இஷ்டம்’ எதுவரை?

யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது பொதுவாக உரிமையாளர் தீர்மானிக்கும் விஷயம்தான். சம்பளம் போதாது, ஆள் அதிகம் என்று அவர் மறுக்கலாம். ஆனால் பட்டியல் சாதி என்பதற்காக மறுக்கும் இடத்தில் அந்த இஷ்டம் முடிந்துவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததோடு நிற்காமல், அதிலிருந்து எழும் எந்த இயலாமையையும் ஒருவர்மீது சுமத்துவது குற்றம் என்கிறது. இந்தப் பிரிவு அரசாங்கத்தை மட்டுமல்ல, தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். அதைச் செயல்படுத்த 1955இல் வந்ததுதான் இன்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (பி.சி.ஆர்.) எனப்படுவது. அதன் 4ஆவது பிரிவில், எந்த வட்டாரத்திலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடை போடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று தெளிவாகவே இருக்கிறது. அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக இப்படியொரு செயல் நடந்தால், அது தீண்டாமை காரணமாக நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது.

எழுபது ஆண்டுகளாக இந்த வரி புத்தகத்தில் இருக்கிறது. வாடகை மறுப்புக்கு அதை யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. முதல் தடவைக் குற்றத்துக்குத் தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். தொகை இவ்வளவு சிறிதாக இருப்பது ஒரு காரணம். பெரிய காரணம், மறுப்பவர்கள் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, மறுக்கப்பட்டவர்கள் நடந்ததை எழுதிவைப்பதில்லை என்பதுதான். உங்களிடம் வாய்விட்டுச் சொன்ன காரணமும் இருக்கிறது, நடந்தவற்றின் வரிசையும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் குற்ற வழக்கும் அந்த வீட்டின் சாவியை உங்கள் கையில் வாங்கிக் கொடுக்காது. தண்டனையும் பொறுப்பேற்பும் கிடைக்கலாம், வீடு கிடைக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இப்போது குடியிருக்கும் வீடு

முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது, 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 11 மாதம் என்றால் பதிவு தேவையில்லை என்று எல்லோரையும்போல நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். பழைய பழக்கத்தில் வந்த நம்பிக்கை அது, இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. பதிவு இல்லாதது உங்களைக் கொஞ்சம் பலவீனப்படுத்தும். ஆனால் அதற்காக வீட்டுக்காரர் உங்கள் சாமான்களைத் தூக்கி வெளியே வைத்துவிட முடியாது. மகன் வருகிறான் என்பது சட்டம் ஏற்கும் காரணம்தான், ஆனால் அதை வாடகை நீதிமன்றத்தில் மனு போட்டு அவர் நிரூபிக்க வேண்டும். பூட்டு மாற்றி உங்களை வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டின் அனுபவத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை தனி நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் இதைவிடத் தெளிவு. அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தி வைக்கக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை காத்திராமல் தண்ணீரை மீண்டும் விடச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். ஒப்பந்தம் பதிவாகவில்லை என்று தட்டிக்கழிக்கப் பார்த்தால், வழக்கறிஞர் மூலம் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கும் வழியையும் யோசிக்கலாம். இன்றிலிருந்தே ஒரு நோட்டில் மோட்டார் போட்ட நேரம், நின்ற நேரம் எழுதுங்கள். காலியாக இருக்கும் டிரம்மைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி: “ஐயா, 14ஆம் தேதியிலிருந்து காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் வருவதில்லை, தயவுசெய்து சரிசெய்யுங்கள்.” அவர் பதில் போட்டாலும் சரி, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாலும் சரி, அது ஆவணம்.

சாதி தெரிந்த பிறகு தண்ணீரை நிறுத்திக் குடும்பத்தைக் கிளப்புவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வரும். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1)(z) பிரிவு, பட்டியல் சாதியினரை வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ வெளியேறும்படி செய்வதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. முன்பு சொன்ன தேதிகளின் பலம் இங்கேதான் தெரியும்: குழாய் பார்க்க வந்த நாள், சாதி கேட்ட நாள், காலி செய்யச் சொன்ன நாள், மோட்டார் நின்ற நாள். வரிசையாக ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் படிக்கும் அதிகாரிக்குக் கதை புரிந்துவிடும்.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அட்வான்ஸ் இருக்கிறதே, கழித்துக்கொள்ளட்டும் என்று சென்னையில் பாதிப் பேர் செய்வதுதான் இது. ஆனால் வாடகைப் பாக்கி என்பது உங்களை வெளியேற்ற அவருக்கு நீங்களே கொடுக்கும் காரணமாகிவிடும். சாதியைப் பற்றிய வழக்கு, வாடகை கொடுக்காதவர் வழக்காக மாறிவிடும். மாதா மாதம் வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் மாதத்தின் பெயரைப் போடுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. 11 மாதம் முடிந்த பிறகும் தங்கினால் கூடுதல் வாடகை கேட்க அவருக்கும் இடம் இருக்கிறது. அதனால் அடுத்த மாதத்துக்குள் ஒரு முடிவுக்கு வருவது நல்லது. நீங்களாகவே காலி செய்தாலும் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது.

அந்தக் குரல் பதிவு

பி.சி.ஆர். கேஸ் என்று ஊரில் சொல்வது இரண்டு தனித்தனிச் சட்டங்களைச் சேர்த்து. 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னொன்று. ‘எஸ்.சி. என்று சொன்னாலே வன்கொடுமை’ என்று உங்கள் அலுவலகத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றம் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று சட்டமே நிபந்தனை வைக்கிறது. நாலு சுவருக்குள், வேறு சாட்சி இல்லாமல் பேசியது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னது. உங்களுக்கு மட்டும் அனுப்பிய குரல் பதிவு அந்தப் பிரிவில் நிற்காது. அதைப் போட்டுப் புகாரைப் பெரிதாக்கினால், விசாரணையில் அது உதிரும்போது நல்ல பகுதியும் சேர்ந்து பலவீனமாகும்.

அந்தப் பதிவு பயன்படுவது 1955ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருப்பதால் அதன்கீழும் வாதிடலாம், ஆனால் நான் முதலாவதையே முன்னே வைப்பேன். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பேசியது புரோக்கர். உரிமையாளர் என்ன சொன்னார் என்பதற்கு அது நேரடிச் சாட்சியம் ஆகாது. புரோக்கர் வந்து “ஓனர் என்னிடம் இப்படித்தான் சொன்னார்” என்று சாட்சி சொல்ல வேண்டும். எனவே கோபத்தில் புரோக்கரை முதல் எதிரியாக்கிவிடாதீர்கள். அவர் உங்களுக்குச் சாட்சியாகத் தேவைப்படுவார். அந்த உரிமையாளருக்கே நேரடியாக, எழுத்தில், அமைதியாக ஒரு கேள்வி அனுப்புங்கள்: டோக்கன் வாங்கிய பிறகு ஏன் மறுத்தீர்கள்? பதிலில் ஒரு வரி கிடைத்தாலும் போதும்.

பதிவை யாருக்கும் ஃபார்வர்டு செய்து சுற்ற விடாதீர்கள். அது வந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு. அதை வழக்கறிஞர் எழுதித் தருவார், மூல போன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

சாதியை மாற்றிச் சொல்லலாமா?

மாமியார் பேத்திக்கு ஒரு நல்ல வீடு கிடைத்தால் போதும் என்றுதான் நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன். சாதியைச் சொல்ல வேண்டிய கடமையே உங்களுக்கு இல்லை. ஆதாரில் சாதி கிடையாது, சாதிச் சான்றிதழைக் கேட்க வீட்டுக்காரருக்கு எந்த உரிமையும் இல்லை. “வேலை, சம்பளம், எத்தனை பேர் எல்லாம் சொல்றேங்க, சாதி பேச வேண்டாமே” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. பொய் சொல்லி ஒப்பந்தம் போட்டால், நான் ஏமாற்றப்பட்டேன் என்று பேச அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பி 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் விஷயம் தெரிந்து கையில் தடியோடு வந்து அவரை வெளியேற்றினார்கள். அதை அவரே எழுதியிருக்கிறார். மறைத்துக் குடியிருப்பவர்கள் ஊரிலிருந்து உறவினர் வந்தால் பயப்படுகிறார்கள், குழந்தைக்கு என்ன சொல்லக் கூடாது என்று பாடம் எடுக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது வேண்டாம்.

‘நம்ம ஆளுங்க இருக்கிற பக்கமே போயிடுங்க’

உங்கள் சித்தப்பா இப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆதரவு கிடைக்கும், இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் விரும்பிப் போனால் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேறு எங்கும் கதவு திறக்காததால் போவது உங்கள் தேர்வாகாது. இப்படி ஒவ்வொரு குடும்பமாகத் தள்ளப்பட்டுத்தான் ஊரும் சேரியும் நகரத்துக்குள் வேறு பெயரில் குடியேறுகின்றன. நல்ல பள்ளி, மருத்துவமனை, வேலை எல்லாம் ஒரு பக்கம், மக்கள் இன்னொரு பக்கம். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். வேலைக்கு நேர்காணலில் முகவரியைச் சொல்லவே தயங்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் பல ஆண்டுகள் நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசு இடித்தது, அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. புரோக்கரின் குரல் பதிவில் இருக்கும் சுவரை இடிக்க புல்டோசர் கொண்டுவர முடியாது.

இதே தமிழ்நாட்டில்தான் 1997இல் சமத்துவபுரம் திட்டம் அறிவிக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தலா 25, மற்றவர்களுக்கு 10. சேர்ந்து குடியிருப்பதை ஒரு அரசு திட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருந்தது என்பதே, பிரித்து வைப்பது எவ்வளவு ஆழம் என்பதைக் காட்டுகிறது. வாடகைச் சந்தையில் அப்படி எந்த முயற்சியும் இல்லை.

உங்கள் தோழிக்கு

இந்தப் பதில் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு சட்டங்களும் அவருக்குப் பெரும்பாலும் உதவாது. மதத்தைக் காரணம் காட்டித் தனியார் வீட்டுக்காரர் வாடகைக்கு மறுப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளும் விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய கதவைச் சாத்திவிட்டது என்பது என் கருத்து. கடைகள் போன்ற இடங்களில் மதம், சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் வரும் ‘கடைகள்’ என்பதை விரிவாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2011இல் அதே நீதிமன்றம் சொன்னதை வைத்து வாதாடலாம், ஆனால் அது உயர் நீதிமன்றத்தில் நீண்டகாலம் நடத்த வேண்டிய வழக்கு. இஸ்லாமியர்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது, அது வரவேயில்லை. டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் குழுவினர் வாடகை வீடு கேட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. தலித்துகளும் இஸ்லாமியர்களும் மறுக்கப்படுவதை, அதிலும் இஸ்லாமியர்கள் கூடுதலாக மறுக்கப்படுவதை, அது பதிவு செய்தது. உங்கள் தோழி இப்போது குடியிருக்கும் வீட்டில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், 2017ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். அதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

எங்கே போவது?

பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீங்கள் இரண்டு வகையிலும் தகுதி உடையவர். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணில் பேசுங்கள். வன்கொடுமைப் புகாருக்கு 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வன்கொடுமைச் சட்டப் புகாரில் முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது, விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்தில் இருக்க வேண்டும். வாங்க மறுத்தால் உயர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம் வழியாகப் போகலாம். காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும், தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் நகல் போகட்டும்.

என் யோசனை, தண்ணீருக்கான மனுவை இந்த வாரமே போடுங்கள், அதில் தாமதம் கூடாது. வன்கொடுமைப் புகாரைக் கணவரோடு உட்கார்ந்து பேசி, மகளின் பள்ளி, உங்கள் மனநிலை, அட்வான்ஸ் பணம் எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுங்கள். புகார் கொடுத்த பிறகு அதே வீட்டின் தரைத்தளத்தில் வழக்கு முடியும்வரை குடியிருப்பது சுலபமாக இருக்காது, அதையும் கணக்கில் வையுங்கள். டோக்கன் வாங்கிவிட்டு மறுத்தவர்மீதான புகாருக்கு மட்டும் ஒரு கெடு இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம் என்பதால், நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ புகார் பதிவாகியிருக்க வேண்டும். குரல் பதிவு வந்த தேதியை முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, மற்றதை அதற்குக் கீழே ஆரம்பியுங்கள்.